முதுகில் சிலிண்டரா, மேலிருந்து குழாயா?

கப்பலின் அடி தேய்க்க, துறைமுகத் தூண் சோதிக்க இறங்கும் டைவர்களுக்கு, மூச்சுக் காற்றை எதில் பெறுவது என்ற இந்தக் குழப்பம் வருவதுண்டு.

காற்று
சிலிண்டர்: 12 லிட்டர் கொள்ளளவு, 200 பார் (அழுத்த அலகு) என்றால் 2,400 லிட்டர் காற்று. 50 பாரை இருப்பாக விட்டால் மீதி 1,800. 20 மீட்டர் ஆழத்தில் மூச்சுவாங்க வேலை செய்தால் நிமிடத்துக்கு 120 லிட்டர்கூடப் போகும். கணக்குப் போடுங்கள், 15 நிமிடம்தான்.
குழாய்: கம்ப்ரசர் ஓடும்வரை காற்று வரும். நின்றால் மேலே இருப்புக் காற்று, முதுகில் அவசர சிலிண்டர்.

பேச்சு
சிலிண்டர்: பெரும்பாலும் கயிற்றுச் சைகை.
குழாய்: ஹெல்மெட்டில் தொலைபேசி. மூச்சு வேகம் மாறினாலே மேற்பார்வையாளருக்குக் கேட்கும்.

செலவு: சிலிண்டர் மலிவு, ஆளும் குறைவு. ஒப்பந்தக்காரர்கள் அதை விரும்புவது இதனால்தான்.

பயம்
சிலிண்டர் சுதந்திரமாகத் தோன்றும், குழாய் தொல்லையாகத் தோன்றும். பலமுறை சேதமில்லாமல் ஏறிவந்தவருக்கு 50 பார் இருப்பு மெல்ல 30 ஆகிவிடும். சுறாவுக்கு அஞ்சுகிறவர்கூட மதகையோ கப்பலின் நீர் உறிஞ்சும் வாயையோ பொருட்படுத்துவதில்லை. அங்கே உறிஞ்சல் கண்ணுக்குத் தெரியாது. கை ஒட்டிக்கொண்டால் பிடுங்க முடியாது. அப்போது சிலிண்டர்காரருக்கு மிஞ்சிய காற்று தீரும்வரைதான் அவகாசம். குழாய்காரரை மீட்க அதைவிட நேரம் உண்டு. எதில் இறங்கினாலும் நீர் உறிஞ்சும் பம்பை நிறுத்தி, பூட்டி, சாவியை மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

குழாய்க்கும் ஒரு வினை உண்டு: மேலே அறுந்தால் ஹெல்மெட்டுக் காற்று பின்னோக்கி உறிஞ்சப்படும். ஒருவழி வால்வை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள்.

தெளிந்த நீர், குறைந்த ஆழம், சிறு பார்வையிடல் என்றால் உயிர்க்கயிற்றோடு சிலிண்டர் போதும். வெட்டு, வெல்டிங், கலங்கல், மூடிய இடம் என்றால் குழாய் மட்டுமே.