பிசிஷியன் அசோசியேட் பார்த்தால், டாக்டர் எப்போது பார்க்கிறார்? இங்கிலாந்து ஜீ.பி. சேவை பற்றி ஒரு மதிப்பீடு

லண்டனில் ஈஸ்ட் ஹாம், ஹாரோ பக்கம் ஜீ.பி. சர்ஜரிக்கு, அதாவது குடும்ப டாக்டரின் கிளினிக்குக்கு, போகும் நம் பெரியவர்கள், கழுத்தில் ஸ்டெதஸ்கோப் மாட்டிய எல்லோரையும் "டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். எதிரே இருப்பவர் டாக்டராக இல்லாமல், டாக்டரின் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்க்கும் பிசிஷியன் அசோசியேட்டாக இருக்கலாம். பெரும்பாலும் உயிரியல் சார்ந்த ஒரு பட்டம், அதன்மேல் இரண்டு வருட மருத்துவப் பயிற்சி, இதுதான் அவருடைய படிப்பு. மருந்துச் சீட்டில் அவர் கையெழுத்துப் போட முடியாது. எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேனுக்கும் எழுத முடியாது. 2024 டிசம்பர் 13 முதல், டாக்டர்களைப் பதிவு செய்து கண்காணிக்கும் ஜி.எம்.சி. (ஜெனரல் மெடிக்கல் கவுன்சில்) இவர்களையும் பதிவு செய்கிறது. பதிவு எண் 'ஏ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். ஜி.எம்.சி. இணையதளத்தில் பெயரைப் போட்டு யாரும் இலவசமாகச் சரிபார்க்கலாம்.

இந்தச் சேவை நல்லதா கெட்டதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் சொல்ல முடியாது. ஒரே தகுதியுள்ள இருவர் இரண்டு சர்ஜரிகளில் வேலை செய்தால், ஒன்று பாதுகாப்பாக இருக்கும், மற்றது ஆபத்தாக இருக்கும். மேற்பார்வை டாக்டரின் அன்றைய அட்டவணையைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

கணக்கு சின்னதுதான். காலையில் அசோசியேட் 9 நோயாளிகளைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரைப் பற்றியும் டாக்டரிடம் பேச 4 நிமிடம் என்றால் 36 நிமிடம். அதில் இரண்டு பேரை டாக்டரே நேரில் பார்க்க வேண்டி வந்தால் இன்னும் 20 நிமிடம். ஆக, டாக்டரின் காலை அட்டவணையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் காலியாக இருக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்காமல் "தேவைப்பட்டால் வந்து கேளுங்கள்" என்று மட்டும் சொல்லும் சர்ஜரியில் மேற்பார்வை கிடையாது. டாக்டர் தன் 14ஆவது நோயாளியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரையில் ஒரு செய்தி வந்து நிற்கும்: "சுளுக்கு, வலி மாத்திரை, கையெழுத்து தேவை." அவர் கையெழுத்துப் போடுவார். நோயாளி அதற்குள் பஸ்ஸில் இருப்பார். அந்தச் சீட்டுக்குப் பொறுப்போ கையெழுத்துப் போட்டவருடையது.

2022இல் வடக்கு லண்டனில் 30 வயதுப் பெண் ஒருவர் நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்தார். கெண்டைக்கால் வலி, பிறகு மூச்சுத்திணறல் என்று இரண்டு தடவை சர்ஜரிக்குப் போனவர். இரண்டு தடவையும் பார்த்தது அசோசியேட். தான் ஜீ.பி.யைப் பார்த்ததாகவே அந்தப் பெண் நினைத்திருந்தார். கால் வலியைத் தனியாகப் பார்த்தால் சுளுக்கு, மூச்சுத்திணறலைத் தனியாகப் பார்த்தால் பதற்றம் என்று தோன்றும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்தான் உடனே மருத்துவமனைக்கு அனுப்புவார். அதே தொந்தரவோடு இரண்டாம் முறை வருபவரை டாக்டரே பார்க்க வேண்டும் என்ற விதி ஒவ்வொரு சர்ஜரியிலும் எழுத்தில் இருக்க வேண்டும். ரிசப்ஷனில் அப்பாயின்ட்மென்ட் போடும்போதே அது நடக்க வேண்டும்.

டாக்டரிடம் சொல்லும் விதத்திலும் பிழை நுழைகிறது. "கெண்டைக்கால் சுளுக்கு, ஐபூப்ரோஃபென் எழுதித் தர வேண்டும்" என்று சொன்னால் டாக்டர் காதில் விழுவது முடிவு மட்டும். "34 வயது. 4 நாளாக வலது கெண்டைக்காலில் வலி, அடிபடவில்லை. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு மேட்டிலிருந்து 10 செ.மீ. கீழே அளந்தேன், இடதைவிட 3.5 செ.மீ. பெரிதாக இருக்கிறது. கருத்தடை மாத்திரை எடுக்கிறார். நாடித்துடிப்பு 108." இதைக் கேட்ட எந்த டாக்டரும், காலில் ரத்தக்கட்டியோ என்று நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். எண்கள் முதலில், நோயின் பெயர் கடைசியில். இந்த ஒழுங்கைப் பழக்காத மேற்பார்வையாளர், தானும் தவறான முடிவுக்குள் சிக்கிக்கொள்கிறார்.

பதிவேட்டில் "டாக்டரிடம் பேசினேன்" என்று எழுதுவது போதாது. எந்த டாக்டர், எத்தனை மணிக்கு, என்ன கேட்டார், என்ன முடிவெடுத்தார், நோயாளியை நேரில் பார்த்தாரா என்பதெல்லாம் இருக்க வேண்டும்.

மருத்துவமனை வார்டில் சிக்கல் வேறு மாதிரி. கல்லீரல் நோயாளிக்கு வயிற்று நீரை எடுக்கக் குழாய் போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயை வழக்கமாக 6 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும், கிடக்கக் கிடக்கத் தொற்று அபாயம் கூடும். அதிக நீர் எடுத்தால், ஒவ்வொரு லிட்டருக்கும் சுமார் 8 கிராம் ஆல்புமின் என்ற புரதத்தை நரம்பு வழியாக ஏற்ற வேண்டும். 20 சதவீத ஆல்புமின் 100 மில்லி பாட்டில் ஒன்றில் 20 கிராம்தான் இருக்கும், அதாவது இரண்டரை லிட்டருக்கு ஒரு பாட்டில். ஏற்றாவிட்டால் ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் கெடும். குழாய் போடக் கற்ற அசோசியேட்டால் அந்த ஆல்புமினை எழுத முடியாது. காலை 10 மணிக்குக் குழாய் போட்டு, டாக்டர் அறுவை அரங்கிலோ அவுட்பேஷன்டிலோ இருந்தால், நீர் ஓடிக்கொண்டிருக்கும், பாட்டில் வராது. ஆகவே ஆல்புமினை எழுதிய பிறகே குழாய். எடுக்க வேண்டிய நேரத்தையும் எடுக்க வேண்டியவர் பெயரையும் ஷிஃப்ட் மாறும்போது கைமாற்றும் தாளில் எழுத வேண்டும்.

இவர்களைப் பற்றி அரசு கேட்டு, 2025 ஜூலையில் வெளிவந்த பேராசிரியர் ஜிலியன் லெங் அறிக்கை பல ஓட்டைகளைச் சரியாகத் தொட்டிருக்கிறது. பெயரை 'பிசிஷியன் அசிஸ்டென்ட்' என்று மாற்றச் சொல்கிறது. என்ன நோய் என்று இன்னும் பிரித்தறியப்படாத நோயாளிகளை, வரையறுத்த தேசிய நெறிமுறைக்கு உட்பட்டே இவர்கள் பார்க்கலாம் என்கிறது. புதிதாகத் தேறியவர் ஜீ.பி. பக்கம் வருமுன் இரண்டு வருடம் மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும், ஒவ்வொருவருக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு டாக்டர் பொறுப்பாக வேண்டும் என்கிறது. இவை வேண்டியவைதான். ஆனால் பெயர்ப் பட்டியலில் ஒரு டாக்டர் இருப்பதும், அன்று காலை 10.40க்குக் கதவைத் தட்டினால் அவர் அறையில் இருப்பதும் ஒன்றல்ல. பொறுப்பு டாக்டர் லீவில் போனால் அன்றைக்கு யார் என்று பலகையில் எழுதிப் போட வேண்டும். அன்று தற்காலிகமாக வந்த லோக்கம் டாக்டரிடம் சொல்லாமலே அவர் தலையில் கட்டுவதைப் பல இடங்களில் சாதாரணமாக நினைக்கிறார்கள்.

அசோசியேட்டுகள் மீது கோபப்படுவது பயனற்றது. ரத்த அழுத்தப் பரிசோதனை, சர்க்கரை நோய் ஆண்டு மறுபரிசீலனை, டிஸ்சார்ஜ் கடிதம் போன்ற வேலைகளைப் பொறுமையாக, நன்றாகவே செய்கிறார்கள். அவர்களைத் தனியாக விடுவதுதான் குற்றம். இரண்டு தடவை தட்டியபோது முகம் சுளித்த டாக்டரை மூன்றாம் தடவை யாரும் தட்ட மாட்டார்கள், அந்த மூன்றாவது கேள்விதான் முக்கியமானதாக இருந்திருக்கும். வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் பார்த்த கேஸ்களில் ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, வரி வரியாகப் பேசும் டாக்டரிடம் வேலை செய்பவர் ஆறு மாதத்தில் நன்றாகத் தேறிவிடுகிறார்.

இன்றைய நிலையில், தெரிந்த நோயின் தொடர் கவனிப்புக்கு இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு தரலாம். புதிதாக வந்த வலி, மூச்சுத்திணறல், நெஞ்சு இறுக்கம், குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒன்றுக்கு மேல் தர முடியாது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அப்பாயின்ட்மென்ட் போடும்போது ரிசப்ஷனில் இதைக் கேளுங்கள்: "இன்றைக்குப் பார்ப்பவர் டாக்டரா, அசோசியேட்டா? அசோசியேட் என்றால், நாங்கள் வீட்டுக்குப் போகுமுன் எந்த டாக்டர் கேட்டுச் சொல்வார்?" ஒரு டாக்டரின் பெயர் உடனே வந்தால் உட்காருங்கள். "யாராவது ஒருவர் பார்ப்பார்" என்று வந்தால், டாக்டர் அப்பாயின்ட்மென்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.