பூட்லீஃப்: குன்றுகளுக்குச் சரி, கண்மாய்களுக்கு?

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளையும் கண்மாய்களையும் ஒரே இணைய வரைபடத்தில் காட்டும் வேலைக்குப் பூட்லீஃப் என்னும் இலவசத் தொடக்க வார்ப்புருவை எடுத்துக்கொண்டேன். இணைய வரைபடத்துக்கான லீஃப்லெட், பக்க வடிவமைப்புக்கான பூட்ஸ்ட்ராப் 3 ஆகிய நிரல் நூலகங்களின் மீது கட்டப்பட்ட இதில், நியூயார்க்கின் அருங்காட்சியகங்களும் நாடக அரங்குகளும் மாதிரித் தரவாக வருகின்றன. அவற்றை அகற்றிவிட்டு நம் கோப்புகளை வைக்க வேண்டும். அது எளிதா கடினமா என்பது, வைக்கும் தரவு புள்ளியா பரப்பா என்பதைப் பொறுத்தது.

புள்ளிகளுக்கு இதைவிட வசதியான தொடக்கம் வேண்டியதில்லை. கீழக்குயில்குடி சமணர் மலை, ஆனைமலை, அரிட்டாபட்டி, திருப்பரங்குன்றம் என ஒவ்வோர் இடத்தையும் ஜியோஜேசன் என்னும் இடத்தரவு வடிவக் கோப்பில் சேர்த்ததும், வரைபடத்தை நகர்த்த நகர்த்த, திரையில் தெரியும் இடங்கள் மட்டுமே பக்கப்பட்டியலில் நிற்கின்றன; பெயரைத் தொட்டால் வரைபடம் அங்கே போய் நிற்கிறது. தேடல் பெட்டி தமிழிலும் தடுமாறவில்லை. ஆனால் அது சொல்லின் தொடக்கத்தை மட்டுமே பார்ப்பதால், 'மலை' என்று தட்டினால் சமணர் மலை வரும், ஆனைமலை வராது. சேர்த்தெழுதும் பழக்கமுள்ள நமக்கு இது சிறிய குறையன்று. மாற்றுப் பெயர்களுக்கென ஒரு புலத்தைச் சேர்த்து, தேடலை அதையும் பார்க்கச் செய்வது நல்லது.

வண்டியூர், மாடக்குளம் கண்மாய்களைப் பரப்புகளாக ஏற்றும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பக்கப்பட்டியலை நிரப்பும் நிரல் ஒவ்வோர் உருவிடமும் அது நிற்கும் ஒற்றைப் புள்ளியைக் கேட்கிறது. லீஃப்லெட்டின் பலகோணத்துக்கு அப்படியொரு புள்ளி கிடையாது. பரப்பைச் சுற்றியுள்ள செவ்வகச் சட்டகம் திரையோடு வெட்டுகிறதா என்று கேட்கும்படி அந்த வரியைத் திருத்த வேண்டும். புதிய அடுக்கு (ஒரே வகைத் தரவின் தொகுதி) ஒன்றைச் சேர்ப்பதென்றால் அடுக்குத் தேர்வு, பட்டியல், தேடல் என ஒவ்வோர் இடத்திலும் ஏறக்குறைய அதே வரிகளை நகலெடுத்து ஒட்ட வேண்டியிருக்கிறது. இரண்டு அடுக்குகள் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இடப்பெயர்த் தேடல் ஜியோநேம்ஸ் சேவையை நாடுகிறது. அதில் அமெரிக்காவின் நாட்டுக் குறியீடே எழுதப்பட்டிருப்பதால், அதை மாற்றாதவரை மேலூரும் திருமங்கலமும் அகப்படா. இன்னொன்று: ஜியோஜேசன் தீர்க்கரேகையை முதலில் எழுதும், லீஃப்லெட் அட்சரேகையை முதலில் கேட்கும், வரைபடத்தின் மையத்தை வரிசை மாற்றி எழுதினால் மதுரை ஆர்க்டிக் கடலில் போய் விழும்.

பூட்ஸ்ட்ராப் 3க்கான ஆதரவு 2019இலேயே முடிந்துவிட்டதால், அரசுத் துறைக்கோ பெரிய நிறுவனத்துக்கோ செய்து கொடுக்கும் பணியில் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பரப்புகளே முதன்மை என்றால் கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளின் கியூஜிஐஎஸ்2வெப் செருகியைக் கொண்டு லீஃப்லெட் வரைபடத்தை நேரடியாக ஏற்றுமதி செய்வது விரைவான வழி. ஆயினும் திரையோடு சேர்ந்து நகரும் அந்தப் பட்டியலை அதில் நாமேதான் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்காகவே குன்றுகளைப் பூட்லீஃபில் வைத்துக்கொண்டு, கண்மாய்களைப் பட்டியலில் சேராத பின்னணி அடுக்காக மட்டும் விட்டிருக்கிறேன்.