பொன்னியின் செல்வன்: படத்தோடா, படமில்லாமலா?

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பிள்ளைகள் பலருக்குப் பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். அவர்கள் கையில் கல்கியின் இந்த நாவலின் ஐந்து பாகங்களைக் கொடுப்பதென்றால், மணியம் ஓவியங்கள் உள்ள பதிப்பைத்தான் சொல்வேன். 1950இல் கல்கி இதழில் தொடர் தொடங்கியபோது அதற்கென்றே வரைந்தவர் அவர். நந்தினிக்கும் குந்தவைக்கும் கொண்டையே வேறு. பெயர் குழம்பினாலும் ஆள் குழம்பாது. ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தின் நீள வர்ணனையில், எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்குப் படம்தான் கைகொடுக்கும்.

மலிவுப் பதிப்பில் எழுத்து மட்டும். காசு மிச்சம். பூங்குழலியின் முகத்தை நாமே கற்பனை செய்துகொள்ளலாம், அதுவும் ஒரு சுகம்தான். சரி, அட்டையில் சினிமா நடிகர் முகம் இருந்தால்? அந்தச் சுகமும் போச்சு. அதற்கு வெறும் அட்டையே மேல்.