சர்வர் வாடகை என்று 22,800 ரூபாயை வாங்கிக்கொண்டு ஊரையே அழித்துவிட்டார்கள்

22,800 ரூபாய். கேம் சர்வரை வாடகைக்கு விடும் ஒரு ஆன்லைன் கடைக்காரர்கள் ஒரு வருட வாடகையை மொத்தமாக வாங்கினார்கள், மைன்கிராஃப்ட் கேமுக்குள் நாங்கள் கட்டிய ஊரை அழித்தார்கள், இன்று காலை என் நம்பரையும் பிளாக் செய்துவிட்டார்கள். கை நடுங்கிக்கொண்டிருக்கிறது, ஆனாலும் இப்போதே எழுதுகிறேன். நண்பர்கள் சேர்ந்து சொந்தமாக ரோல்பிளே (வேடமேற்று ஆடும்) சர்வர் நடத்த நினைப்பவர்கள் யாருக்கும் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்.

போனது என்னவென்று முதலில் சொல்கிறேன். மைன்கிராஃப்டின் கம்ப்யூட்டர் பதிப்பான ஜாவாவில் ஒரு செட்டிநாட்டு ஊர். 1942இல் ரங்கூன் ஜப்பான்காரன் கைக்குப் போவதற்கு முந்தைய காலம்தான் கதை. ஒருவர் பர்மாவில் கடை வைத்திருக்கும் செட்டியார், ஒருவர் அவருடைய கணக்குப்பிள்ளை, ஒருவர் தேக்கு இழைக்கும் ஆசாரி. உள்ளே வருகிறவர் ஏதாவது ஒரு வேடம் ஏற்றுத்தான் அங்கே பிழைக்க வேண்டும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் தெருக்களில் நின்று பார்த்துப் பார்த்துக் கட்டினோம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு என்று செட்டிநாட்டு வீட்டின் பகுதிகள் எல்லாம் உண்டு. வாசல் ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். ஆத்தங்குடித் தரைக்கல்லுக்குப் பதிலாக, கேமில் உள்ள மெருகூட்டிய டெரகோட்டா என்ற கட்டையை எடுத்துக்கொண்டோம். அதை வைக்கும்போது நாம் நிற்கும் திசைக்கு ஏற்ப அதன் பூ திரும்பும், நாலு கல் சரியாகச் சேர்ந்தால்தான் கோலம் முழுசாகும். ஒரு பட்டாலைத் தரைக்காகக் காரைக்குடிக் கல்லூரிப் பையன் ஒருவன் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தான். அந்தத் தரை இப்போது இல்லை.

வீட்டிலேயே சர்வர் ஓட்ட வழியில்லை. எங்கள் இணைப்புக்குப் பொது ஐபி (வெளியிலிருந்து நேரே அணுகக்கூடிய முகவரி) கிடையாது, ரூட்டரில் மைன்கிராஃப்டுக்கான 25565 போர்ட்டைத் திறந்து வைத்தாலும் வெளியிலிருந்து ஒருவரும் நுழைய முடியாது. அதனால் கேம் ஹோஸ்டிங் விற்கும் ஒரு ஆன்லைன் கடையை அணுகினோம். பெயர் போடவில்லை, புகார் நடக்கிறது.

பேசியவர் முதல் வார்த்தையிலேயே "நானும் தேவகோட்டைதாண்ணே" என்றார். பழைய சர்வரில் எங்கள் ஊருக்குள் வந்து சுற்றிப் பார்த்தார். பெரிய வீட்டு முகப்பில் ஏறி நின்று, "எங்க ஐயா வீடு மாதிரியே இருக்குண்ணே, இந்தத் தூணையெல்லாம் யாரு வச்சது?" என்று கேட்டார். அந்தப் பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தக் கேள்வியில்தான் எல்லோரும் அவரை நம்பினோம். சென்னை டேட்டா சென்டர், 32 ஜிபி ராம், உங்களுக்கே உங்களுக்கென்று தனி மெஷின், தினமும் பேக்கப், மாதம் 1,900 என்றார். மாதாமாதம் கட்டுகிறோம் என்றோம். "வருசத்துக்குக் கட்டினாத்தான் தனி மெஷின் ஒதுக்க முடியும்ணே. நம்ம ஊர்க்காரங்கள ஏமாத்திட்டு நான் எங்க போகப் போறேன்?" என்றார். படிக்கிற பிள்ளைகள் கைக்காசு போட்டார்கள், சிங்கப்பூரில் வேலை செய்யும் தம்பி ஒருவர் பெரிய பங்கு போட்டார். 22,800ஐ ஜிபேயில் அனுப்பினோம்.

முதல் வாரமே லேக், கேம் விட்டு விட்டு ஓடியது. மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 டிக் (கேம் உலகம் ஒரு அடி நகரும் துடிப்பு) ஓட வேண்டும், ஒரு டிக்குக்கு 50 மில்லி நொடிதான் அவகாசம். சாயங்காலம் சந்தை கூடினால் எங்களுக்கு 9, 10 என்று விழுந்தது. கேட்டால் "உங்க பிளகின்தான் ஹெவிண்ணே" என்று நாங்கள் சேர்த்த கூடுதல் நிரல்கள்மேல் பழி போட்டார். சர்வரின் வேகத்தை அளக்கும் ஸ்பார்க் கருவியைப் போட்டுப் பார்த்தோம். மெஷினின் மொத்த சிபியூ நிரம்பி வழிகிறது, அதில் எங்கள் சர்வரின் பங்கு கொஞ்சம்தான். தனி மெஷின் என்றது பொய், பத்துப் பேரோடு பங்கு போட்ட மெஷின். பிங்கும் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) காரைக்குடியிலிருந்து 180 மில்லி நொடி. சென்னையில் இருக்கும் சர்வருக்கு முப்பது, நாற்பதைத் தாண்டாது. தகவல் போகும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் ஜெர்மனியில் போய் நின்றது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பினோம். புகார் டிக்கெட் போடச் சொன்னார். போட்டோம். பதில் ஒரு வரிகூட இல்லாமல் 'தீர்க்கப்பட்டது' என்று மூடினார்கள்.

பிறகு "நோடு மாத்துறோம், ஒரு மணி நேரம்" என்று, அதாவது வேறு மெஷினுக்கு மாற்றுவதாக, செய்தி வந்தது. திரும்ப உள்ளே போனால் ஊருணி இருந்த இடத்தில் ஓக் மரக்காடு. வீடு இல்லை, தெரு இல்லை, கேமுக்குள் யார் கணக்கிலும் பணம் இல்லை. வேர்ல்டு ஃபோல்டர், பிளேயர் டேட்டா, செட்டிங்ஸ் கோப்பு எல்லாம் புத்தம் புதுசு. சர்வரை நிர்வகிக்கும் பேனலில் பேக்கப் பட்டனை அழுத்தினால் 'நிர்வாகியை அணுகவும்' என்கிறது. முதல் நாளிலிருந்தே அது பூட்டித்தான் கிடந்தது, கேட்டபோதெல்லாம் "எங்க பக்கம் ஓடிட்டிருக்குண்ணே" என்றார்கள். எங்களிடம் மிஞ்சியது சந்தைத் தெரு கட்டுவதற்கு முந்தைய பழைய காப்பி ஒன்றுதான்.

பேக்கப் கேட்டேன். டீம் பார்க்கிறது என்றார்கள். பணத்தைக் கேட்டேன். ஏழு நாளுக்குப் பிறகு ரீஃபண்ட் கிடையாது என்று, நாங்கள் வாங்கியபோது இல்லாத ஒரு விதியை அனுப்பினார்கள். அவர்களுடைய டிஸ்கார்ட் அரட்டைக் குழுவில் எழுதினேன், வெளியே தள்ளினார்கள். கடைசியாகப் போனில் பிடித்தபோது அதே தேவகோட்டைக்காரர், "ஒரு கேமுக்குப் போயி இவ்வளவு பேசுறீங்களேண்ணே" என்றார். அதன் பிறகுதான் பிளாக். பிள்ளைகளின் 22,800 ரூபாயையும் அவர்கள் விழித்த ராத்திரிகளையும் எடுத்துக்கொண்டு ஒருவன் பேசுகிற பேச்சா இது?

நேரமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். வருடக் கட்டணம் கட்டாதீர்கள், மாதம்தான். பணத்துக்கு முன் சோதனை ஐபி வாங்கி உங்கள் வீட்டிலிருந்தே பிங் பாருங்கள். சிபியூவில் எத்தனை கோர் என்று அடுக்கினால் மயங்க வேண்டாம், மைன்கிராஃப்டில் பெரும் வேலை ஒரே கோரில்தான் ஓடுகிறது, அந்தக் கோர் முழுசாக உங்களுக்குக் கிடைக்கிறதா என்று கேளுங்கள். கோப்புகளை நாமே இறக்கிக்கொள்ளும் எஸ்எஃப்டிபி வசதி தராத இடம் வேண்டவே வேண்டாம். சர்வரில் சேவ்-ஆஃப், சேவ்-ஆல் கட்டளைகளைக் கொடுத்து, வேர்ல்டு ஃபோல்டரை உங்கள் கம்ப்யூட்டருக்கு இறக்கி, பிறகு சேவ்-ஆன் போடுங்கள். ஏமாந்தது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915.

அதே ஆட்கள் நேற்றிலிருந்து வேறு பெயரில் தமிழ் கேமிங் குரூப்களில் விளம்பரம் போடுகிறார்கள். 'சென்னை சர்வர், தனி மெஷின், ஆண்டுச் சலுகை' என்ற அதே வாசகம், அதே பேனல் படம். அதைப் பார்த்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியவர்கள் இருந்தால் இன்றைக்கே உங்கள் உலகத்தின் காப்பியைக் கேளுங்கள்.