சமையலறைச் சாதனம் வாங்குவோர் கவனத்திற்கு: பின்புறத் தகட்டைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்

காரைக்குடிக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்து வீட்டின் அடுப்படியைச் சென்ற ஆண்டு புதுப்பித்தோம். அதற்காக மதுரையில் உள்ள ஒரு பெரிய கடையில் எரிவாயு ரேஞ்ச் (அடுப்பும் ஓவனும் ஒன்றாக அமைந்தது), சிம்னி, குளிர்பதனப் பெட்டி ஆகிய மூன்றையும் சேர்த்து 2,68,000 ரூபாய்க்கு வாங்கினேன். அந்த ரேஞ்ச் நாங்கள் பயன்படுத்தும் சிலிண்டர் எரிவாயுவுக்கு உரியதே அன்று என்பதும், புதியது என்று சொல்லி விற்கப்பட்ட அது கடையில் காட்சிக்கு நின்ற பழைய பொருள் என்பதும், அது வீட்டுக்கு வந்து எரியத் தொடங்கிய பிறகுதான் தெரியவந்தன. விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. நடந்ததை மட்டும் வரிசையாக எழுதுகிறேன்.

அந்த அடுப்படி என் மாமியார் வாழ்க்கைப்பட்டு வந்த நாள் முதல் விறகு எரிந்த இடம். நாங்கள் நகரத்தில் வேலை பார்த்த வரை ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போவதோடு சரி. ஓய்வு பெற்ற பிறகு அங்கேயே தங்குவது என்று முடிவெடுத்தோம். பழமை கெடாமல் புதுப்பிக்க வேண்டும் என்பதில் நானும் என் கணவரும் ஒரே கருத்தாக இருந்தோம். தரைக்கு ஆத்தங்குடிக் கல் பதித்தோம். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டு மணல் கலவையை இட்டு நிரப்பி, சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே பதப்படுத்தும் கல் அது. தேக்கு அலமாரிகளைப் பழுது பார்த்து எண்ணெய் பூசினோம். அம்மியும் ஆட்டுக்கல்லும் இருந்த இடத்திலேயே இருந்தன. மீதி இருந்தது சாதனங்கள் மட்டுமே. அந்தப் பழைய அடுப்படியில் பளபளக்கும் கறுப்புக் கண்ணாடி அடுப்பு ஒட்டாது என்று எனக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தோடுதான் கடைக்குள் நுழைந்தேன். என் எண்ணம் இன்னது என்று விற்பனையாளருக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது.

அவர் நேராக அழைத்துச் சென்று காட்டியது, மேலே ஐந்து அடுப்புகளும் கீழே ஓவனும் ஒன்றாக அமைந்து தரையில் நிற்கும் ஒரு பெரிய ரேஞ்ச். பாலாடை நிற எனாமல் பூச்சு, பித்தளைத் திருகுகள், வார்ப்பிரும்புத் தாங்கிகள் என்று பார்க்க மிக அழகாக இருந்தது. "இதுதான் மேடம் ஒரிஜினல் கண்ட்ரி ஸ்டைல்" என்றார். ஐரோப்பிய நாட்டுப்புறச் சமையலறைகளின் அடையாளமாகவே ஆகிவிட்ட 'ஆகா' (AGA) என்னும் அடுப்பை 1922ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு இயற்பியலாளர் குஸ்தாஃப் தாலேன் உருவாக்கினார். கனமான வார்ப்பிரும்பை அணையாமல் சூடாக வைத்திருந்து வெப்பத்தைத் தேக்கித் தரும் அந்த அடுப்பு, குளிர்நாட்டு வீட்டுக்குச் சமையலோடு வெதுவெதுப்பையும் சேர்த்தே தரும். எனக்குக் காட்டப்பட்டதோ அதன் தோற்றத்தை ஒட்டிச் செய்யப்பட்ட, வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான சாதாரண எரிவாயு ரேஞ்ச். சித்திரையில் நூறு பாகையைத் தாண்டி வெயில் அடிக்கும் ஊரில் அந்தத் தோற்றத்துக்கு என்ன வேலை என்று நான் அப்போது யோசிக்கவில்லை. என்ன சமைப்போம், எத்தனை பேருக்குச் சமைப்போம், எந்த எரிவாயு என்று அவரும் கேட்கவில்லை. சிலிண்டரில் எரியுமா என்று நான் ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டேன். "கேஸ் எல்லாம் ஒன்றுதான் மேடம், டியூபை மாட்டினால் எரியப் போகிறது" என்று பதில் சொன்னார். அந்தப் பதிலை எழுத்தில் வாங்காததுதான் நான் செய்த முதல் தவறு.

ரேஞ்சுக்கு 1,52,000, சிம்னிக்கு 44,000, குளிர்பதனப் பெட்டிக்கு 72,000 என்று பில் போட்டார்கள். ரேஞ்சுக்கு நேரே "கேஸ் குக்கிங் ரேஞ்ச் – 1" என்று மட்டுமே எழுதியிருந்தது. மாடல் எண்ணும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. முழுப் பணமும் கட்டிய பிறகுதான் வண்டி அனுப்புவோம் என்றார்கள், கட்டினேன்.

பொருள் வந்த அன்று பெட்டியின் மேல் பழைய ஒட்டுநாடாவும் அதன் மேல் புதிய ஒட்டுநாடாவுமாக இருந்தது. கேட்டதற்கு, வழியில் சோதனைக்காகப் பிரித்தார்கள் என்று இறக்க வந்தவர்கள் சொன்னார்கள். உள்ளே திருகுகளின் மேல் இருக்க வேண்டிய பாதுகாப்புத் தாள் இல்லை. ஓவன் கதவின் கைப்பிடியில் விரல் பட்டுப் பட்டு மங்கிய தடம் இருந்தது. அதைத் தூக்கி வைக்க நான்கு ஆட்கள் வேண்டும், வந்தவர்களோ இரண்டு பேர். தரையில் இழுத்ததில் ஆத்தங்குடிக் கல் இரண்டு மூலை உடைந்தன. அந்தக் கலவரத்தில் டெலிவரிச் சீட்டில் "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற வரிக்குக் கீழே என் கணவர் கையெழுத்திட்டுவிட்டார். அந்த ஒரு கையெழுத்தைத்தான் கடைக்காரர்கள் இன்று வரை கையில் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். சுடர் நீலமாக நிற்காமல், நுனியெல்லாம் மஞ்சளாக நீண்டு, பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி எரிந்தது. பால் பொங்கி இறக்கியபோது, அன்று காலையில்தான் புளி போட்டுத் துலக்கிய பித்தளைப் பாத்திரத்தின் அடியில் விறகடுப்பில் வைத்ததைப் போலக் கரி பிடித்திருந்தது. விரலால் தொட்டால் மையாக ஒட்டியது. புது அடுப்பு, போகப் போகச் சரியாகிவிடும் என்று கடையில் தொலைபேசியில் சொன்னார்கள். நான்கு நாள் அப்படியே சமைத்தோம். அடுப்படியிலேயே பெரும்பொழுதும் உட்கார்ந்திருக்கும் என் மாமியார், அவருக்கு வயது 81, தலைவலிக்கிறது என்று இரண்டு நாள் சொன்னார். அடுப்புதான் காரணம் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மஞ்சளாகக் கரி கக்கி எரியும் சுடர், எரிவாயு முழுமையாக எரியாததன் அடையாளம் என்பதும், அப்படி எரியும்போது வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு அறைக்குள் சேரும் என்பதும், அந்த நச்சு முதலில் காட்டும் அறிகுறிகளில் தலைவலியும் ஒன்று என்பதும் எனக்குப் பிறகு தெரியவந்தபோது, அந்த நான்கு நாளை நினைத்து உண்மையிலேயே நடுங்கிப் போனேன்.

உண்மையைக் கண்டுபிடித்தவர் எங்கள் எரிவாயு முகவர் அனுப்பிய மெக்கானிக். வந்தவர் சுடரைப் பார்த்த மாத்திரத்தில் ரெகுலேட்டரை மூடினார். பர்னரை எடுத்துவிட்டு, அதன் நடுக் குழிக்குள் இருந்த, எரிவாயு வெளிவரும் துளை கொண்ட சிறிய பித்தளை ஜெட்டைச் சாவியால் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். அதன் தலையில் 115 என்று பொறித்திருந்தது. "ஆச்சி, இது குழாய் கேசுக்கு உண்டான ஜெட். சிலிண்டருக்கு இந்த அளவு பர்னரில் 85 பக்கத்தில்தான் இருக்கும். இதைப் பற்ற வைக்கவே கூடாது" என்றார். அந்த எண், ஜெட்டின் துளை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் எத்தனை பங்கு என்பதைக் குறிப்பது; 115 என்றால் 1.15 மில்லிமீட்டர். குழாய் வழி வரும் இயற்கை எரிவாயு பெரும்பாலும் மீத்தேன். நம் சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஒரே கன அளவில் அது மீத்தேனைப் போல் இரண்டரை மடங்குக்கும் மேல் வெப்பம் தருவது, ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தமும் கூடுதல். ஆகவே பெரிய துளை வழியாக அது வந்தால், அதை எரிக்கப் போதுமான காற்று பர்னருக்குள் சேராது.

பிறகு கைவிளக்கை எடுத்துக்கொண்டு ரேஞ்சின் பின்புறம் பார்த்தோம். சுவரை ஒட்டிய பக்கத்தில், யார் கண்ணிலும் படாத இடத்தில், ஒரு வெள்ளித் தகடு ஒட்டியிருந்தது. ஜி20, 20 எம்பார் என்று அதில் தெளிவாக அச்சிட்டிருந்தது. ஜி20 என்பது ஐரோப்பியத் தரத்தில் இயற்கை எரிவாயுவைக் குறிக்கும் பெயர்; 20 எம்பார், அதாவது 20 மில்லிபார், அதற்கு உரிய அழுத்தம். நம் வீட்டு ரெகுலேட்டர் தருவது ஏறத்தாழ 30. கடையில் ரேஞ்சைச் சுற்றி வந்து அந்தத் தகட்டைப் படிக்க ஒரு நிமிடம் போதும். படித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

அதே தகட்டில் வரிசை எண்ணும் இருந்தது. அதைத் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குச் சொன்னபோது, அந்தப் பொருள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அக்கடைக்குக் காட்சிப் பொருளாக அனுப்பப்பட்டது என்றும், அதன் வாரண்டி முடிந்துவிட்டது என்றும் பதில் வந்தது. பில்லில் வரிசை எண் ஏன் எழுதப்படவில்லை என்பது அப்போது விளங்கிற்று. கடைக்காரர்களோ, வாரண்டியைத் தாங்களே தருவதாக வாயால் சொன்னார்கள். எழுதிக் கேட்டால் மறுத்தார்கள்.

ஜெட்டை மாற்ற 6,500 ரூபாய் கேட்டு, மூன்று வாரம் கழித்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் ஜெட்டை மட்டும் மாற்றிவிட்டுப் போனார். சுடர் நீலமாயிற்று. ஆனால் திருகை எவ்வளவு குறைத்தாலும் தீ அடங்கவில்லை. சாதம் அடிபிடித்தது, பால் காய்ச்ச முடியவில்லை. எரிவாயுவை மாற்றும்போது, ஒவ்வொரு திருகுக்கும் உள்ளே சிறுதீக்கு என்று தனியாக இருக்கும் ஒரு சிறிய திருகாணியையும் சரிசெய்ய வேண்டும் என்பதை எங்கள் மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இதற்கெல்லாம் மேலாக, அகலமான தட்டையான பாத்திரங்களுக்கென்று அமைத்த அந்தத் தாங்கிகளில் பணியாரச் சட்டி நிற்கவில்லை. அடி உருண்ட சட்டி ஒரு பக்கம் சாய, எண்ணெய் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு வழிந்தது. குழிப் பணியாரம் ஊற்ற முடியாத அடுப்பை எங்கள் வீட்டில் என்ன செய்வது? நீங்கள் அன்றாடம் புழங்கும் சட்டியை, பையில் போட்டு எடுத்துக்கொண்டு போயாவது, கடையிலேயே தாங்கியின் மேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். கடைக்காரர் என்ன நினைப்பாரோ என்று கூச வேண்டாம்.

சிம்னியில் பொருள் குற்றமில்லை, பொருத்தியதில்தான் குற்றம். மணிக்கு 1,000 கன மீட்டர் காற்றை இழுக்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது. அதன் வாய் 6 அங்குலக் குழாய்க்கு உரியது. எங்கள் சுவர் ஒன்றரை அடிக்கும் மேல் தடிமன். அதில் பெரிய துளை இட மனமில்லாத ஆட்கள், குறுக்கும் துண்டு ஒன்றை மாட்டி 4 அங்குலக் குழாயைச் செருகி, மூன்று இடத்தில் வளைத்து, கூரையடியில் இருந்த பழைய புகைபோக்கித் துளை வழியாக வெளியே விட்டார்கள். 4 அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு 6 அங்குலக் குழாயின் பரப்பில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு வளைவும் காற்றோட்டத்தை மேலும் குறைக்கும். மிளகாய் வற்றலைத் தாளித்தால், சிம்னி பெரும் இரைச்சலோடு ஓடிக்கொண்டிருக்க, நெடி வீட்டின் இரண்டாம் கட்டு வரை போய் எல்லோரையும் இரும வைக்கிறது. பொருத்துவது இலவசம் என்று சொல்லியிருந்தார்கள். குழாய்க்கும் வளைவுக்குமாகத் தனியே 4,800 ரூபாய் வாங்கினார்கள். புதிதாக அடுப்படி கட்டுபவர்கள் எந்தச் சிம்னி என்பதை முதலிலேயே முடிவு செய்து, பூச்சு வேலைக்கு முன்பே கொத்தனாரிடம் 6 அங்குலத் துளைக்கு நேர்வழி விடச் சொல்லிவிட வேண்டும். அடுப்புக்கும் சிம்னிக்கும் இடையே இரண்டடிக்குச் சற்று மேல் இடைவெளி இருக்க வேண்டும் என்பதையும் அப்போதே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

குளிர்பதனப் பெட்டி ஓடுகிறது. மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் அதன் நட்சத்திர முத்திரையில் அச்சிட்டிருந்த காலம் முடிந்து போயிருந்ததை மட்டும் வீட்டுக்கு வந்து பார்த்தேன். நட்சத்திர அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள் என்பதால், பழைய முத்திரையின் நட்சத்திரம் இன்றைய கணக்கில் குறையலாம். நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிறுத்தாமல், ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று முத்திரையில் உள்ள எண்ணையும் காலத்தையும் பாருங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் முதலில் புகார் பதிவு செய்தேன். கடை 15,000 ரூபாய் தள்ளித் தருவதாகச் சொல்லிற்று, நான் ஏற்கவில்லை. வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பியும் பதில் வராததால், எங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் பதிந்தோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை மதுரையில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். கழற்றிய ஜெட்டை ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தகட்டின் படம், கரி பிடித்த பாத்திரத்தின் படம், மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டு, சேவை மையத்தின் பதில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம்.

இப்போது, சிலிண்டர் எரிவாயு அடுப்புக்கான இந்தியத் தர எண்ணான ஐ.எஸ். 4246 என்று பொறித்த, பித்தளைப் பர்னர் வைத்த மூன்றடுப்பு ஸ்டவ் ஒன்றைக் கடப்பைக் கல் மேடையின் மேல் வைத்துச் சமைக்கிறோம். விலை 7,800 ரூபாய். பணியாரச் சட்டி ஆடாமல் நிற்கிறது. ரேஞ்ச், வழக்கு முடியும் வரை அப்படியே இருக்க வேண்டும் என்பதால், இணைப்பைத் துண்டித்துச் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறோம்.

இதே போன்ற எனாமல் ரேஞ்சை அண்மையில் வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றே அதன் பின்புறத் தகட்டைக் கைவிளக்கு வைத்துப் பாருங்கள். உங்கள் வீட்டில் சிலிண்டர் இருந்து, தகட்டில் ஜி20 என்று மட்டும் எழுதியிருந்தால், ரெகுலேட்டரை மூடிவிட்டு, எரிவாயு முகவரின் மெக்கானிக் வந்து பர்னரைத் திறந்து பார்க்கும் வரை அந்த அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள்.