பக்கியா, குவாட் பைக்கா? தீவுச் சுற்றுலாவில் மண் பாதைச் சவாரிக்கு எதை எடுப்பது

தீவில் நாலு நாள் தங்கினால் மூன்றாம் நாள் கடல் கொஞ்சம் அலுத்துவிடும். அப்போதுதான் ஓட்டல் வரவேற்பறையில் இருக்கும் அந்த மடிப்புத் தாள் கண்ணில் படும்: டூன் பக்கி சவாரி, குவாட் பைக் சவாரி, அரை நாள். பக்கி, கூண்டுக்குள் உட்கார்ந்து ஓட்டும் சின்ன வண்டி. குவாட், மோட்டார் சைக்கிள் போல மேலே உட்கார்ந்து ஓட்டும் நாலு சக்கர வண்டி. எங்களுக்குக் காட்டியதில் இரண்டுக்கும் ஒரே பாதை, ஒரே நேரம், நிறுத்தும் இடங்களும் ஒன்றே. எதை எடுப்பது என்று நானும் மனைவியும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசி, கடைசியில் பக்கியை எடுத்தோம். மறுபடி போனாலும் அதையேதான் எடுப்பேன்.

டூன் என்றால் மணல்மேடு. ஆனால் டூன் பக்கி என்ற பெயரை நம்பி மணல்மேடுகளை எதிர்பார்க்க வேண்டாம். வெப்பமண்டலத் தீவுகளில் இந்தச் சவாரி பெரும்பாலும் செம்மண் தடம், தோட்டத்து ஓரம், ஓடை, முடிவில் ஒரு கடற்கரை என்றுதான் போகும். பெயர் கலிபோர்னியா மணலிலிருந்து வந்தது. அங்கே 1964ல் புரூஸ் மேயர்ஸ் ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் பாகங்களை வைத்து, கண்ணாடி இழை உடலோடு ஒரு வண்டி செய்தார். மேயர்ஸ் மேங்ஸ் என்ற அந்த வண்டிதான் பக்கியைப் பிரபலமாக்கியது. இப்போது சவாரிக்குத் தருவது வேறு மாதிரி: இரும்புக் குழாய்க் கூண்டு, உள்ளே பக்கத்துப் பக்கத்தில் இருக்கைகள், காரில் இருப்பது போல ஸ்டியரிங், காலில் ஆக்சிலரேட்டரும் பிரேக்கும். பெரும்பாலும் கியர் மாற்றும் வேலை கிடையாது. கார் ஓட்டத் தெரிந்தால் ஐந்து நிமிடத்தில் கை பழகிவிடும்.

புழுதி, சேறு, குலுக்கல் எல்லாம் இரண்டிலும் உண்டு. முதுகுவலிக்காரர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இரண்டுமே வேண்டாம். என் முடிவுக்குக் காரணம் ஒன்றே ஒன்று. வண்டி கவிழ்ந்தால் நாம் எங்கே இருப்போம்?

குவாடில் நாம் வண்டியின் மேல் உட்காருகிறோம். பெல்ட் கிடையாது, கூண்டு கிடையாது. திருப்பத்தில் உடம்பை உள்பக்கம் சாய்க்க வேண்டும், ஏற்றத்தில் முன்னால் குனிய வேண்டும், இறக்கத்தில் பின்னால் நகர வேண்டும். ஓட்டுபவரின் எடையும் சேர்ந்துதான் அந்த வண்டி நிலையாக நிற்கிறது. பழகியவருக்கு அது தானாக வரும். கிளம்பும் முன் தரும் பத்து நிமிடப் பயிற்சியில் வராது. மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பைக் வளைவில் சாயும். குவாட் சாயாது, உடம்பு மட்டும் வெளிப்பக்கம் தள்ளப்படும். தடுமாறும்போது காலை ஊன்றுவது பைக்கில் ஊறிப்போன பழக்கம். குவாடில் அப்படி ஊன்றினால் பின்சக்கரம் காலின் மேலேயே ஏறலாம். சரிவில் புரண்டால் இருநூறு, முந்நூறு கிலோ இரும்பு ஆள் மேல் விழும். இதற்கு முன்னோடியான மூன்று சக்கர வண்டிகளின் விற்பனை அமெரிக்காவில் 1988ல் நின்றுபோனதற்கும் அடுக்கடுக்கான விபத்துகள்தான் காரணம்.

பின்னால் ஒருவர் உட்கார்ந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒருவருக்கென்று செய்த குவாடில் இன்னொருவரை ஏற்றக் கூடாது என்று வண்டியிலேயே எச்சரிக்கை ஒட்டியிருக்கும். இரண்டு பேருக்கென்றே நீளமாகச் செய்த குவாடுகள் வேறு. தருவது எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பக்கி கவிழாது என்று நான் சொல்லவில்லை. வேகத்தில் வெட்டித் திருப்பினால் அதுவும் புரளும். ஆனால் புரளும்போது நாம் இருக்கையோடு கட்டப்பட்டிருப்போம், தரையில் முதலில் மோதுவது கூண்டு. அதற்கு பெல்ட் சரியாக இருக்க வேண்டும், கை உள்ளேயே இருக்க வேண்டும். வண்டி சாய ஆரம்பித்ததும் கை தன்னையறியாமல் வெளியே நீண்டு தரையை ஊன்றப் பார்க்கும். கூண்டுக்கும் தரைக்கும் நடுவில் அது மாட்டினால் அவ்வளவுதான். பல பக்கிகளில் பக்கவாட்டில் வலை கட்டியிருப்பது இதற்காகத்தான்.

எங்களுக்கு முதலில் தந்த வண்டியில் மனைவி பக்கத்து பெல்ட் ‘டக்’ என்று மாட்டியது, ஆனால் இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கொக்கிக்குள் காய்ந்த சேறு. கைடு தண்ணீர் ஊற்றி, குச்சியால் நோண்டிப் பார்த்தார். சரிவரவில்லை என்றதும் வண்டியையே மாற்றினார். மாட்டிய சத்தத்தை மட்டும் நம்பாமல் இழுத்தும் பாருங்கள், கூச்சப்பட வேண்டாம்.

வழியில் ஓரிடத்தில் தடம் வலப்பக்கமாகச் சரிந்து கிடந்தது, மேலே முந்தின நாள் மழையின் வழுக்கல். எங்கள் கூட்டத்தில் குவாடில் வந்த ஒரு தம்பதியில், பின்னால் இருந்தவர் இறங்கி நடந்தே அதைக் கடந்தார். எங்கள் பக்கி சாய்ந்தபோது பெல்ட் தோளில் அழுந்தியது. மனைவி மார்போடு கைகளைக் கட்டிக்கொண்டாள். மெதுவாகக் கடந்துவிட்டோம்.

சரி, குவாடை எப்போது எடுக்கலாம்? நான் அதை ஓட்டியது இடைநிறுத்தத்தில் கால் மணி நேரம், அதுவும் சமதரையில். அதனால் என் வார்த்தையை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேல் கம்பி இல்லாமல் நாலு பக்கமும் பார்க்கும் சுகம் பக்கியில் இல்லை. இடுக்கான பாதையில் நுழைவதற்கும் குவாடுதான் வசதி. தனியாக வருகிறவர், முன்பே குவாட் ஓட்டிப் பழகியவர் என்றால் நான் தடுக்க மாட்டேன். 16 வயதுக்கு உட்பட்டவர் கையில் பெரியவர்களின் குவாடைக் கொடுப்பதாக இருந்தால் கட்டாயம் தடுப்பேன்.

எதை எடுத்தாலும், கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், பழைய கீறல் உங்கள் தலையில் விழாது. பயணக் காப்பீட்டில் இந்த மாதிரி சவாரி சேருமா என்பதையும் படித்துவிடுங்கள், பலவற்றில் சேராது.

அப்புறம், கடற்கரையில் வண்டியை எங்கே நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள். கரையோர மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அடும்பு போன்ற கொடிகளின் வேர்தான். கடலாமைகள் முட்டையிடும் கரை என்றால் மணலுக்கடியில் கூடுகளும் இருக்கும், சக்கரம் ஏறினால் நசுங்கிவிடும். எங்கள் கைடு அடும்பு படரத் தொடங்கிய இடத்துக்கு முன்பே எல்லா வண்டிகளையும் நிறுத்தி, கடல் வரை எங்களை நடக்க வைத்தார்.