தவளை லூருக்கு ரொட் வாங்குகிறீர்களா? ஸ்டிக்கரை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்

மலையகத்தில் விரால் பிடிக்கவென்று தவளை லூருக்கு (தவளை மாதிரிச் செய்த செயற்கை இரை) ரொட், அதாவது தூண்டில் தடி, தேடுகிறவர்கள், காசை எண்ணிக் கொடுக்கும் முன் இதை ஒருமுறை வாசியுங்கள். எங்கள் பக்கத்துப் பெரிய நகரம் ஒன்றில் இருக்கும் கடையில் என் மருமகனை ஏமாற்றி அனுப்பிவிட்டார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது முடியட்டும். ஆனால் அவர்கள் செய்த வேலையை எந்தக் கடையிலும் செய்யலாம் என்பதால், எப்படிச் செய்தார்கள் என்பதை முழுதாகச் சொல்கிறேன்.

மருமகன் பசறைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. கொழும்பில் ஒரு புடவைக் கடையில் வேலை. லீவுக்கு வந்தால் பதுளையில் பஸ் ஏறி மகியங்கனைப் பக்கம் இறங்கி, அங்குள்ள குளங்களில் தூண்டில் போடுவான். தாமரையும் அல்லியும் மூடிக்கிடக்கும் குளங்கள். விரால் அந்த இலைகளுக்கு அடியில்தான் கிடக்கும், மூச்செடுக்க அவ்வப்போது மேலே வரும். சாதாரண லூரை எறிந்தால் விழுந்த இடத்திலேயே தண்டில் மாட்டிக்கொள்ளும். தவளை லூரை மட்டும் இலைக்கு மேலாலேயே இழுத்துக்கொண்டு வரலாம். அதன் உடம்பு உள்ளே வெறுமையான மெத்தென்ற ரப்பர். தடித்த இரண்டு கொக்கிகள் முதுகோடு ஒட்டினாற்போல் மேலே பார்த்தபடி இருக்கும். விரால் கவ்வி அந்த உடம்பு நசுங்கினால்தான் கொக்கி முனை வெளியே வரும். வந்த முனை எலும்பான வாயில் ஏற வேண்டுமென்றால் நாம் பலமாக இழுக்க வேண்டும், ஏறியதும் மீன் தண்டுக்குள் சுற்றிக்கொள்ளும் முன் தலையைத் திருப்பி வெளியே எடுக்க வேண்டும். இரண்டு வேலையையும் செய்வது ரொட்தான்.

அமெரிக்காவில் பாஸ் மீனுக்கு இதே தவளையை இதே மாதிரி இலைப் பரப்பில் போடுகிறார்கள். அதற்கு அவர்கள் பாவிப்பது 7 அடியிலிருந்து 7½ அடி வரையான, ஹெவி பவர், ஃபாஸ்ட் அக்‌ஷன் ரொட். அதோடு 50 முதல் 65 பவுண்ட் இழுவை தாங்கும் பிரெய்ட் நூல் (பல இழைகளைப் பின்னிச் செய்தது). இங்கே விராலுக்கும் அதே கணக்கு சரியாகப் பொருந்தும்.

இதில் பவர் வேறு, அக்‌ஷன் வேறு. ஒரு ரொட்டை வளைக்க எவ்வளவு பலம் வேண்டும் என்பது பவர்: லைட், மீடியம், ஹெவி என்று போகும். இழுக்கும்போது எந்த இடத்தில் வளைகிறது என்பது அக்‌ஷன். ஃபாஸ்ட் என்றால் நுனிப் பக்கம் மட்டும் வளையும். மொடரேட் என்றால் வளைவு நடுவரை இறங்கும். ஒரே ரொட் லைட்டாகவும், அதே நேரம் ஃபாஸ்ட்டாகவும் இருக்கலாம். ஒன்றைச் சொன்னால் மற்றது விளங்கிவிடாது. இந்த இரண்டையும் கலந்து குழப்பித்தான் அந்தக் கடையில் வியாபாரம் நடந்தது.

மருமகன் தேவையானதை ஃபோனில் எழுதியே கொண்டு போயிருந்தான். நானும் கூடப் போனேன். ஹெவி, ஃபாஸ்ட், 14 முதல் 42 கிராம் வரை லூர் எறியக்கூடியது, கார்பன் நாரில் செய்தது, பேய்ட்காஸ்டிங் ரீலுக்கானது (ரொட்டுக்கு மேல் பக்கம் பூட்டும் நூல் உருளை). முதலாளி வாசித்துப் பார்த்துவிட்டு உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்தார்.

"தம்பி, அமெரிக்காவில பாஸ் பிடிக்கிறவங்க தவளைக்குப் பாவிக்கிறது இதுதான். கடைசிப் பீஸ்."

பிடிக்கு மேலே பளபளவென்று ஒரு ஸ்டிக்கர். அதில் மருமகன் கேட்ட அத்தனையும் இருந்தது: ஹெவி, ஃபாஸ்ட், 14–42 கிராம், 30 டன் கார்பன் (டன் என்பது இங்கே கார்பன் நாரின் விறைப்பைச் சொல்லும் கணக்கு). அவன் கையில் பிடித்து அசைத்துப் பார்த்து, "கொஞ்சம் பாரமா இருக்கு, நுனியும் தொய்யுதே" என்று கேட்டான். "ஃபாஸ்ட் என்றால் நுனி அப்படித்தான் தம்பி, பவர் எல்லாம் அடியில இருக்கு" என்றார். ரீலைப் பூட்டி நூல் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, புதுச் சாமானைக் கடைக்குள் வளைக்க விடமாட்டோம் என்று பதில்.

விலை 27,000 ரூபா. தோட்டத்தில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று 2024 இல் வர்த்தமானி வந்ததே, அந்தக் கணக்கில் அவனுடைய அம்மா 20 நாள் கொழுந்து எடுக்க வேண்டிய காசு. அதனால்தான் எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

குளத்தில் முதல் அடி விழுந்ததுமே விளங்கிவிட்டது. விரால் நன்றாகக் கவ்விக்கொண்டு போனது, மருமகன் முழுப் பலத்தோடு இழுத்தான், ரொட் பிடி வரைக்கும் வளைந்ததே தவிர கொக்கி ஏறவில்லை. தவளை அப்படியே திரும்பி வந்தது. அடுத்தடுத்து அதே கதை. ஒரு பெரிய மீனுக்கு எப்படியோ ஏறியது. ஏறிய மீனை இலைக்கு மேலே தூக்க ரொட்டில் பலம் இல்லை. அது தாமரைத் தண்டுகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. கடைசியில் நூலைக் கையில் பிடித்து இழுத்ததில் முடிச்சு அறுந்து, வாயில் இரண்டு கொக்கியோடு அந்த மீன் போய்விட்டது. அவனுக்குக் காசு போனதைவிட அதுதான் பெரிய கவலை. எனக்கும் அப்படித்தான். பிடித்தால் சமைப்போம், இல்லையென்றால் விடுவோம். வாயில் இரும்போடு ஒரு உயிரை அலைய விடுவதற்கா தூண்டில் போடுகிறோம்?

நாள் முழுக்க ஈரம் பட்டு, பின்னேரம் அந்த ஸ்டிக்கரின் ஓரம் கிளம்பியது. நகத்தால் மெல்ல உரித்தோம். அடியில் ரொட்டின் மேலேயே அச்சடித்த எழுத்து, தெளிவாக: மீடியம், மொடரேட், 7–21 கிராம், 8–14 பவுண்ட் நூல், கிளாஸ்.

கண்ணாடி நார் ரொட். இது கிராங்க்பெய்ட் என்ற லூருக்காகச் செய்தது. அந்த லூரில் மெல்லிய மூன்று முனைக் கொக்கிகள் தொங்கும். மீன் கடித்ததும் அவை தானாகவே ஏறும், பலமாக இழுத்தால் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே ரொட் தொய்ந்து கொடுக்க வேண்டும். அந்த வேலைக்கு இது நல்ல ரொட் என்றே சொல்வேன். கவ்வாத்துக் கத்தி கேட்டவனுக்குக் காய் நறுக்கும் கத்தியை, மேலே "கவ்வாத்து" என்று எழுதி ஒட்டி விற்றதுதான் குற்றம். தேங்கிய சரக்கைத் தள்ள வேண்டுமென்றால் உள்ளதைச் சொல்லி விலையைக் குறைத்து விற்றிருக்கலாம்.

திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தோம். முதலில் ஸ்டிக்கர் கம்பனியில் இருந்தே அப்படி வந்தது என்றார்கள். கம்பனி தன் எழுத்துக்கு மேலேயே வேறு எழுத்தை ஒட்டுமா என்று கேட்டோம். அப்புறம் பேச்சு மாறியது. "ரொட் உடையல்லையே தம்பி, உடைஞ்சா தானே கேரண்டி?" கண்ணாடி நார் இலேசில் உடையாது, அது அவர்களுக்குத் தெரியும். பற்றுச்சீட்டை எடுத்துக் காட்டினால் அதில் "மீன்பிடி உபகரணம் – 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. ஹெவி என்றோ கார்பன் என்றோ ஒரு சொல் இல்லை. மாற்றியும் தரவில்லை, காசும் தரவில்லை. கடையில் நின்ற மற்ற ஆட்களுக்கு முன்னால் "சின்னப் பசங்களுக்கு மீன் பிடிக்கத் தெரியாது, ரொட்டைக் குறை சொல்றாங்க" என்று சத்தமாகக் கதைத்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

இனி வாங்கப் போகிறவர்கள் பிடிக்கு மேலே இருக்கும் எழுத்தில் முதலில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். சரியான எழுத்து ரொட்டிலேயே அச்சாகி, மேலே வார்னிஷ் பூசியிருக்கும், நகத்துக்கு ஓரம் தட்டுப்படாது. ஓரம் தட்டுப்பட்டால் அடியில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். "பாஸ் ரொட்", "விரால் ரொட்" என்ற பேச்சை விட்டுவிட்டு கிராம் கணக்கை வாசியுங்கள். தவளை லூர் ஒன்றின் எடை பெரும்பாலும் 10 முதல் 20 கிராம் வரும், அதனால் 21 கிராம் வரை எறியும் ரொட்டே போதும் என்று கடைக்காரர் சொல்லக்கூடும். எறிய அது போதும்தான். இலைக்குள்ளிருந்து மீனை எடுக்கப் போதாது. மேல் எல்லை 28 கிராமுக்குக் கீழே இருந்தால் தவளைக்கு வேண்டாம். சில ரொட்டில் அவுன்ஸ் மட்டும்தான் போட்டிருக்கும், 1 அவுன்ஸ் ஏறக்குறைய 28 கிராம்.

ரீல் பூட்டி நூலை வளையங்களுக்குள்ளால் விட்டு, நுனியில் அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கட்டி மெதுவாகத் தூக்கிப் பார்க்க விடச் சொல்லுங்கள். ரொட்டைச் சாய்வாகப் பிடியுங்கள். செங்குத்தாக நிமிர்த்தினால் நல்ல ரொட்டும் நுனியில் முறியும். ஹெவி, ஃபாஸ்ட் என்றால் மேல் பகுதி மட்டும் வளைந்து, பிடிக்குக் கிட்டவுள்ள பகுதி நேராக நிற்கும். வளைவு நடுவையும் தாண்டி இறங்கினால் அது வேறு வேலைக்கான ரொட். இந்தச் சோதனைக்கு விடாத கடையில் 27,000 ரூபாவுக்குச் சாமான் வாங்காதீர்கள். வளையங்களுக்குள் கொஞ்சம் பஞ்சையும் விட்டு இழுத்துப் பாருங்கள். பஞ்சு சிக்கினால் உள்ளே கீறல் இருக்கிறது, அது பிரெய்ட் நூலை அறுத்துவிடும்.

பார்சலில் எடுப்பவர்களுக்கு இது எதுவுமே கிடையாது, காசு கொடுத்த பிறகுதான் பிரிக்க விடுவார்கள். விற்பவரிடம் பிடிக்கு மேலுள்ள எழுத்தைக் கிட்டப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அந்தப் படத்தை அழிக்காமல் வைத்திருங்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 28 ஆம் பிரிவின்படி, வாங்குகிறவர் கேட்டால் வியாபாரி பற்றுச்சீட்டுக் கொடுத்தே ஆக வேண்டும். 30 ஆம், 31 ஆம் பிரிவுகள் வாங்குகிறவரைத் தவறாக வழிநடத்துவதையும், பொருளின் தரத்தைப் பற்றிப் பொய் சொல்வதையும் தடுக்கின்றன. பற்றுச்சீட்டில் பவர், அக்‌ஷன், கிராம், கார்பனா கிளாஸா என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். முறைப்பாட்டுக்கு அந்த அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுக்கலாம். நாங்கள் எழுத்திலும் கொடுத்திருக்கிறோம், ரொட்டின் படங்களோடு.

இதே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய ரொட்டை ஏற்கெனவே வாங்கியவர்கள் அதை முழுதாக உரித்துவிட வேண்டாம். ஓரத்தைக் கிளப்பி, மேலெழுத்தும் அடியெழுத்தும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி எடுத்து, பற்றுச்சீட்டோடு பத்திரமாக வையுங்கள். பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கத்தில் இருப்பவர்கள் எனக்குச் செய்தி போட்டால் எங்கள் முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதியை அனுப்புகிறேன். தமிழிலேயே எழுதியது, பெயரையும் திகதியையும் மாற்றி நீங்களும் கொடுக்கலாம்.